இறுக்கினவர் போயிட்டார், கழற்றப்போறது யார்?

ஒரு நட்டை எவ்வளவு இறுக்கவேணும்? எங்கட ஊர்க் கராஜுகளில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்கு: “இனி இறுகாது எண்டுமட்டும்.” ரயர் கடையில் எயார் கன் ‘டர்ர்ர்’ என்று சத்தம் போட்டு நின்றால் வேலை முடிந்தது. நாங்களும் காசைக் குடுத்திட்டு, “நல்லா இறுக்கியிருக்கு” என்ற திருப்தியோட வீட்டுக்கு வாறம். அந்தத் திருப்தி பொய். அது ஆபத்தானதும்கூட. அளவில்லாமல் இறுக்குவது பாதுகாப்பில்லை, அது பொறுப்பை அடுத்த ஆளின் தலையில் கட்டிவிடுகிற வேலை என்றுதான் நாங்கள் சொல்லுகிறோம்.

கணக்குப் பார்ப்போம். சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படித்த எல்லாருக்கும் விசையின் திருப்பம் தெரியும்: விசையைச் செங்குத்துத் தூரத்தால் பெருக்கவேணும். பெரும்பாலான சிறிய கார்களின் வீல் நட்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லுகிற அளவு 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. டிக்கியில் கிடக்கிற வீல் ஸ்பானர் 30 சென்ரிமீற்றர் நீளம் என்று வைப்போம். 100 நியூட்டன் மீட்டரில் இறுக்கின நட்டைக் கழற்ற ஏறக்குறைய 34 கிலோ பாரம் போதும். அதை யாரும் குடுக்கலாம். ஆனால் அரை அங்குல எயார் கன் 500 நியூட்டன் மீட்டருக்கு மேலும் சாதாரணமாகப் போகும். அப்படி இறுக்கின நட்டுக்கு அதே ஸ்பானரில் கிட்டத்தட்ட 170 கிலோ வேணும். 60 கிலோ ஆள் ஸ்பானரில் ஏறி நின்றாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். மன்னார்–பூநகரி வீதியில் இரவு எட்டு மணிக்கு ரயர் காற்றுப்போனால், டிக்கியில் ஸ்பெயார் வீலும் ஜக்கும் ஸ்பானரும் இருந்தும் நாங்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு வீதியோரம் நிற்கவேண்டியதுதான். இறுக்கினவர் அந்த நேரம் கடையைப் பூட்டிப்போட்டு வீட்டில சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

“அது சரி, லூஸா விட்டு வீல் கழண்டால் ஆர் பொறுப்பு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தளர்ந்த வீல் ஆளைக் கொல்லும். ஆனால் மிகை இறுக்கம் அதற்கு மருந்தில்லை. போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிற சாமான். இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இழுபடும். பழைய நீளத்துக்குத் திரும்பிவரப் பார்க்கிற அந்த இழுவைதான் வீலைப் பிடித்து வைத்திருக்கிறது. எல்லையைத் தாண்டி இழுத்தால் அது திரும்பி வராது. நூல் கெடும், போல்ட் மெலியும், ஒருநாள் ஓட்டத்தில் முறியும். கூடக் கூட இறுக்கினால் கூடக் கூடப் பாதுகாப்பு என்கிறவர்கள் அந்த ஸ்பிரிங்கைத்தான் சாகடிக்கிறார்கள். இதையே ஒயில் சம்ப் நட்டிலும் பார்க்கலாம். பல சிறிய கார்களில் அதற்குத் தேவை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான். அலுமினியச் சம்பில் அதைப் பலம் காட்டி இறுக்கினால் நூல் அரைபட்டு ஒயில் சொட்டத் தொடங்கும். பிறகு ஒரு நட்டுக்காகச் சம்பையே மாற்றவேண்டி வரும்.

லூஸாகிவிடும் என்ற பயத்துக்குச் சரியான பதில் அளவுதான். டோர்க் றெஞ்ச் என்ற கருவி இதற்காகவே இருக்கு. அளவை வைத்து இறுக்கினால் ‘க்ளிக்’ என்று சொல்லும். அதற்குமேல் இறுக்கத் தேவையில்லை. நட்டுகளை வட்டமாக அடுத்தடுத்து இறுக்காமல் எதிரெதிராக இறுக்கவேணும். 50, 100 கிலோமீற்றர் ஓடினபிறகு ஒருக்கால் சரிபார்க்கவேணும். இவ்வளவுதான். எங்கட எத்தனை கடைகளில் இதைச் செய்கிறார்கள்?

சரி, ஏற்கெனவே இறுகிப்போனதை என்ன செய்யிறது? இங்கேயும் எங்கட முதல் புத்தி பலம்தான். சுத்தியலால் ஒரு போடு, அட்ஜஸ்டபிள் ஸ்பானரால் ஒரு இழுவை, மூலை மழுங்கினபிறகு “இது இனி வெட்டத்தான் வேணும்” என்று ஒரு தீர்ப்பு. முரட்டு நட்டுக்கு வேண்டியது நேரமும் ஒழுங்கும்.

முதலில் காரை ஜக்கில் தூக்கக்கூடாது. வீல் நிலத்தில் இருக்கும்போதே, ஹான்ட் பிறேக் போட்டு, மற்றப் பக்க வீலுக்குக் கல் வைத்து நட்டைத் தளர்த்தவேணும். தூக்கின காரில் பலம் காட்டினால் கார் ஜக்கிலிருந்து விழும். சொக்கெட் ஆறு மூலை உள்ளதாக, நட்டுக்குச் சரியான அளவில் இருக்கவேணும். பன்னிரண்டு மூலைச் சொக்கெட் நட்டின் மூலையில் மட்டும் பிடித்து அதை மழுக்கும். கரையோர ஊர்களில் உப்புக்காற்று ஏறின நூலை முதலில் கம்பிப் பிரஷால் துடைத்து, துருவுக்குள் இறங்குகிற எண்ணெய் விட்டு, விட்டுவிட்டுப் போகவேணும். ஐந்து நிமிசம் போதாது. ஓர் இரவு கிடக்கட்டும். இடையில் நட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் துரு விடும், எண்ணெய் உள்ளே போகும். பிறேக் டிஸ்க்கில் மட்டும் எண்ணெய் படவிடக் கூடாது.

பிறகு நீளம். 30 சென்ரிமீற்றரில் 170 கிலோ கேட்ட நட்டு, ஒரு மீற்றர் நீளக் கைபிடியில் 50 கிலோதான் கேட்கும். அதுக்குமேலை துரு கேட்கிறது வேறு. உதறாமல், ஒரே சீராகப் பாரத்தைக் குடுக்கவேணும். அசையாவிட்டால் இறுக்குகிற பக்கம் ஒரு துளி அசைத்துப்பார்த்துத் திரும்பக் கழற்றினால் சிலவேளை விட்டுக்குடுக்கும். எந்தப் பக்கம் கழரும் என்பதையும் நிச்சயம் பண்ணவேணும். சைக்கிளின் இடப்பக்கப் பெடல் மற்றதுக்கு எதிர்ப்பக்கம் கழரும் என்பது எங்கட பிள்ளைகளுக்குத் தெரியும். சில பழைய வாகனங்களின் இடப்பக்க வீல் நட்டும் அப்படித்தான். டோர்க் றெஞ்சால் ஒருபோதும் கழற்றக்கூடாது, அதன் அளவு கெட்டுவிடும். எண்ணெய் விட்டுக் கழற்றினதைத் திரும்பப் போடமுன் நூலைத் துடைக்கவேணும், எண்ணெய் இருந்தால் அதே அளவில் போல்ட் கூடுதலாக இழுபடும். நெருப்புக் காட்டுகிற வேலையை, பிறேக் ஹோசும் பெற்றோல் லைனும் பக்கத்தில் இருக்கிற இடத்தில், வீட்டில் செய்யவே வேண்டாம்.

இதில எது எங்களுக்கு விளங்காதது? ஒன்றுமில்லை. ஆனாலும் நாங்கள் செய்யிறேல்லை, ஏனென்றால் செய்ய விடப்படவில்லை. “தம்பி, உது உங்களுக்குச் சரிவராது, படிக்கிற பிள்ளை.” ஸ்கூட்டியோட கராஜுக்குப் போன பெண்பிள்ளையிடம், “அப்பா வரேல்லையோ?” உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்து முறுக்கத்துக்கு முழுப் புள்ளி வாங்கினவர் கையில் ஒரு ஸ்பானரைப் பிடித்திருக்கமாட்டார். அதைப் பிடிக்கிறவரை நாங்கள் படிக்காதவர் என்று ஒதுக்கி வைத்திருக்கிறம். அறிவை ஒரு பக்கமும் கையை மறுபக்கமும் பிரித்துவைத்த இந்தப் பழக்கத்தில் சாதியும் வர்க்கமும் ஆண் திமிரும் கலந்துதான் இருக்கு. கை அழுக்காகும் என்பது ஒரு சாட்டு.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் கஷ்டத்தைப் பெருமையாகக் கொண்டாட நாங்கள் தயாரில்லை. ஆனால் முறிந்த ஒரு போல்டுக்குப் பதில் இன்னொன்று வராத காலத்தில், அதை முறிக்காமல் கழற்றுவது ஒரு கட்டாயமாக இருந்தது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறக்கப்பட்டது. இப்பவும் வீதியில் ஓடுகிற பெருவாரியான கார்கள் பழையவை. திரும்பத் திரும்பக் கழற்றப்போகிற நட்டுகள் அவை. முறித்து எறிய எங்களிடம் என்ன வசதி இருக்கு?

மெக்கானிக்குகளுக்கு எதிராக இதை எழுதேல்லை. முன்னையவர் பேய்த்தனமாக இறுக்கின நட்டில் ஸ்பானர் வழுக்கி விரல் மொக்கு உடைபடுவதும் அவர்களுக்குத்தான். அளவு வந்தால் முதலில் தப்புவது அவர்களின் கை. எயார் கன் வேகமாகக் கழற்றட்டும், நட்டைக் கொண்டுபோய் முட்டவும் வைக்கட்டும். கடைசி இறுக்கம் மட்டும் கையால், அளவோடு. அடுத்தமுறை ரயர் கடையில், “அண்ணை, கன்னால முடிக்காதேங்கோ, கையால இறுக்குங்கோ” என்று சொல்லுவோம். முகத்தைச் சுழித்தாலும் சொல்லுவோம். வீட்டுக்கு வந்து, டிக்கியில் கிடக்கிற அதே ஸ்பானரால் ஒவ்வொரு நட்டையும் ஒருக்கால் தளர்த்தித் திரும்ப இறுக்கிப் பார்ப்போம். கழராவிட்டால் அதே கடைக்குத் திரும்பிப்போய்க் கேட்போம்.

டோர்க் றெஞ்ச் விலை கூடின சாமான், ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கேலாது. தேவையுமில்லை. எங்கட ஊர்களில் சனசமூக நிலையங்கள் இருக்கு. அங்கே பேப்பரும் கரம் போர்ட்டும் இருக்கு. ஒரு டோர்க் றெஞ்சும், ஒரு நீளக் கைபிடியும், ஆறு மூலைச் சொக்கெட் செட் ஒன்றும் அந்த அலுமாரியில் இருக்கட்டும். இரவல் கொப்பியில் பெயரெழுதி எடுத்துப்போகட்டும். பெண்பிள்ளைகளும் எடுக்கட்டும். வருகிற பொதுக்கூட்டத்தில் இதை ஒரு பிரேரணையாகக் கொண்டுவாருங்கோ.