டிரஸ்ட் தொடங்கப் போறீங்களா? முதல் செலவு வக்கீல் ஃபீஸாக இருக்கட்டும்!

வெள்ள நிவாரணத்துக்காக ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பை டிரஸ்ட்டாக மாற்ற நினைக்கும் நண்பர்கள் பலர், இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுகிறார்கள். பத்திரம் பதிவாகிடும். சிக்கல் அப்புறம்தான் வரும்.

திருத்தம் செய்யும் அதிகாரத்தைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டால், பின்னாளில் ஒரு விதியை மாற்றக்கூட நீதிமன்றம் போக வேண்டிவரலாம். டிரஸ்ட் கலைந்தால் சொத்து எங்கே போகும் என்று சொல்லாவிட்டால், வரிவிலக்கு கேட்கும்போது சிக்கலாகலாம்.

7 பேர் சேர்ந்தால், 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகவும் பதியலாம். எது பொருந்தும் என்பதைப் பதிவுக்கு முன்பே வக்கீலிடம் கேட்டுக்கணும். பத்திரத்தையும் அவரே எழுதட்டும்.

அந்த ஃபீஸ் வீண்செலவு இல்லை. ஊர்க்காசை வாங்கப்போறவங்க முதலில் போடவேண்டிய சொந்தக்காசு.