ஓசோனைச் சாக்காகக் காட்டாதீர்கள்

"ஓசோன் ஓட்டை என்று அன்றைக்குப் பயமுறுத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லை. இன்றைய பருவநிலை எச்சரிக்கையும் அப்படித்தான்" என்றொரு வாதம் மறுபடி சுற்றுக்கு வந்திருக்கிறது. ஒன்றும் ஆகாமல் போனது தானாக நடந்ததா என்ன? குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் (சி.எஃப்.சி) ஓசோனைச் சிதைக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதியபோது, வேதிப்பொருள் நிறுவனங்கள் அதை வெறும் ஊகம் என்று ஒதுக்கின. 1985இல் ஜோசப் ஃபார்மனும் சகாக்களும் அண்டார்க்டிக் வானில் வசந்தகாலந்தோறும் ஓசோன் சரிவதை எண்களோடு காட்டினார்கள். அந்த எண்கள் அங்குள்ள ஹேலி நிலையத்தில் 1950களிலிருந்து சலிக்காமல் எடுத்துவந்த அளவீடுகள், "இதனால் என்ன பயன்?" என்று நிதி ஒதுக்குபவர்கள் முகம் சுளிக்கும் வகை வேலை. இரண்டே ஆண்டில், அந்த வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது.

சி.எஃப்.சி தயாரிப்பாளர்கள் சிலரே, மாற்றுப்பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கரியமிலவாயு அப்படியல்ல என்பார்கள். பாதி உண்மை. நிலக்கரியையும் பெட்ரோலையும் கைவிடுவது பன்மடங்கு கடினம்தான். ஆனால் தீர்வு கடினம் என்பதால் எச்சரிக்கை பொய்யாகிவிடாது. அந்த மாற்றும் ஒரே மூச்சில் அமையவில்லை. ஓசோனைக் கெடுக்காத ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள் பூமியைச் சூடாக்குகின்றன என்பதால், 2016இல் கிகாலியில் உடன்படிக்கையைத் திருத்த வேண்டியிருந்தது. தடைசெய்யப்பட்ட சி.எஃப்.சி-11 திருட்டுத்தனமாக மீண்டும் கசிவதை 2018இல் காட்டிக்கொடுத்ததும் காற்று அளவீடுகளே. அடுத்த ஆண்டு ஆய்வாளர்கள் அதில் பெரும்பங்கைக் கிழக்குச் சீனாவரை துரத்திப் பிடித்தார்கள், கசிவு குறைந்தது. ஓட்டையோ இன்னும் மூடவில்லை. அண்டார்க்டிக் ஓசோன் 1980இன் அளவுக்குத் திரும்ப ஏறத்தாழ 2066 ஆகும் என்பது ஐ.நா. ஆதரவில் 2022இல் முடிந்த மதிப்பீடு.