‘வரமாட்டேன்’ என்று சொல்லும் உரிமை

“ரேஷன்ல அரிசிய சும்மா குடுத்துக் கெடுத்துட்டாங்க தம்பி. இப்ப வயல் வேலைக்குக் கூப்பிட்டா ஒருத்தனும் வர்றதில்ல.”

ஆய்வுக்காக டெல்டா கிராமங்களில் அலைந்தபோது, நிலம் வைத்திருப்பவர்களிடம் நான் அதிகம் கேட்ட வாசகம் இதுதான். தங்கள் பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சாரம் தங்களைக் கெடுத்துவிட்டதாக அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் அப்பாயி காலத்தில் கூலியை நெல்லாகத்தான் அளந்தார்கள். பண்ணையார் களத்தில் நெல் அளந்தால்தான் சேரியில் அடுப்பெரியும். சாவுக்குப் பறையடிக்க மறுத்தாலோ, செத்த மாட்டைத் தூக்க மறுத்தாலோ மறுநாள் நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள். “நம்ம வயிறு அவங்க கையில இருந்துச்சு” என்பார் அப்பாயி. அந்தக் கையை எதிர்த்துச் சங்கமாகத் திரண்டு, கூலியை உயர்த்திக் கேட்டதற்காகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

இன்று அந்த வயிற்றில் ஒரு பங்கு பண்ணையாரின் கையில் இல்லை. ‘ஆள் வரவில்லை’ என்ற புலம்பலின் பொருள் இதுதான். ஆள் இருக்கிறார். இந்தக் கூலிக்கு, இந்த மரியாதைக்கு வரமாட்டேன் என்கிறார். ரேஷன் அரிசி மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. நூறு நாள் வேலையும், திருப்பூருக்குப் போகும் பேருந்தும், நமது இயக்கங்களும் சேர்ந்தே செய்தன. ஆனால் வீட்டில் அரிசி இருக்கும்போதுதான் ‘வரமாட்டேன்’ என்ற சொல் வாயில் வருகிறது.

சந்தை சாதி பார்க்காது என்கிறார்கள். மலக்குழிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். பசித்தவன் எதைச் செய்யச் சம்மதித்தாலும் அதற்கு ‘விருப்பம்’ என்று பெயர் வைப்பதுதான் முதலாளியம். அண்ணல் அம்பேத்கர் இதை அன்றே கண்டார். 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் முக்கியத் தொழில்களும் விவசாயமும் அரசிடம் இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் காப்பீடு கட்டாயம் என்று எழுதினார். வேலையற்றவன் ஒரு வேலைக்காகத் தன் அடிப்படை உரிமையையே விட்டுக்கொடுக்க நேரும் என்பது அவர் வாதம். இறுதியில் அரசமைப்புச் சட்டம் வேலைக்கான உரிமையை, நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாத வழிகாட்டு நெறிகளில் வைத்தது.

‘சரி, ஏழைகளுக்கு மட்டும் கொடுக்கலாமே’ என்பார்கள். 1997இல் ஒன்றிய அரசு அதைத்தான் செய்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என ரேஷனைப் பிரித்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் அனைவருக்குமான ரேஷனைத் தொடர்ந்தது. யார் ஏழை என்று பட்டியல் எழுதும் பேனா கிராமத்தில் யார் பேச்சைக் கேட்கும் என்று சேரியில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் உண்டு என்றால் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம்.

இடதுசாரித் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அரிசியை அரசு கொடுப்பதால் முதலாளி குறைந்த கூலி கொடுத்துத் தப்பிக்கிறான். இது முதலாளியத்துக்கு முட்டுக்கொடுப்பது இல்லையா?” கேள்வி நியாயமானது. உத்தரவாதம் அரிசியோடு நின்றால் அப்படித்தான் ஆகும். ஆனால் பட்டினி கிடந்து எந்த வேலைநிறுத்தமும் நீண்டநாள் நின்றதில்லை, தோழர்.

அரிசியோடு நின்றால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை. அம்மா ஊரிலிருந்து ரேஷன் புழுங்கலரிசி கட்டி அனுப்பினார். நானும் அறைத்தோழனும் அதைத்தான் பொங்கித் தின்றோம். சோறு இருந்தது, அறை வாடகை இல்லை. ஐந்தாம் மாதம் அவன் ஆய்வை விட்டுவிட்டு ஒரு கிடங்கில் இரவு வேலைக்குப் போனான். அவன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. இன்னும் திரும்பி வரவில்லை.

2019இல் ஒன்றிய அரசு பெருநிறுவனங்களுக்கான அடிப்படை வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தது. அதற்குப் பெயர் ஊக்கம். நமக்குக் கொடுத்தால் இலவசம். இந்தச் சொல்லை முதலில் நம் வாயிலிருந்து தூக்கியெறிவோம்.

சோறு மட்டும் போதாது. வீடு, மருத்துவம், கல்வி, நிலம் என எதற்காகவும் யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லாத நிலை வேண்டும். அப்பாயியால் சொல்ல முடியாத ‘வரமாட்டேன்’ என்ற சொல்லை நாம் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். என் அறைத்தோழனும் அந்தக் கிடங்கைப் பார்த்து அதைச் சொல்ல முடிய வேண்டும். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்.