ஆலயங்களில் ஒலிபெருக்கி: ஓசை கூடினால் பக்தி கூடுமா?

நவராத்திரி பிறந்துவிட்டால் நம் நாட்டு ஆலயங்களில் ஒன்பது இரவுகளும் இசைக்கே உரியவை ஆகிவிடுகின்றன. பூசைக்கு மங்கல வாத்தியம், தீபாராதனை முடிந்ததும் தேவாரம், பின்னர் சமய வகுப்புப் பிள்ளைகளின் கூட்டுப்பாடல், அதன் பிறகு வீணையோ வாய்ப்பாட்டோ என்று நிகழ்ச்சி நிரல் அழகாகவே அச்சிடப்படுகிறது. ஆயினும் மண்டபத்தின் நடுவே அமர்ந்திருக்கும் மூதாட்டி ஒருவரிடம், இன்று ஓதுவார் எந்தப் பதிகத்தைப் பாடினார் என்று கேட்டுப் பார்த்தால், “நல்ல சத்தமா இருந்துச்சு ஐயா” என்பதே பதிலாக வருகிறது. சத்தம் இருந்தது, சொல் காதில் விழவில்லை. திருமுறைக்கு ஆலயத்திலேயே நேரும் இந்தக் குறை சிறியதன்று.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. நாம் ‘ஒலிபெருக்கி’ என்ற ஒரே சொல்லால், மின்னாற்றலைப் பெருக்கித் தரும் ஆம்பிளிபையர் பெட்டியையும் குறிக்கிறோம். சுவரில் தொங்கும் ஸ்பீக்கரையும் குறிக்கிறோம். சில வேளைகளில் மைக்கையும் சேர்த்தே குறிக்கிறோம். ஆகவே ஒலி சரியில்லை என்றவுடன் ‘புது ஒலிபெருக்கி வாங்க வேண்டும்’ என்று கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறுகிறது. எது பழுது என்று ஆராய்வதற்கு முன்பே, முன்னதைவிட இரு மடங்கு வாட் கொண்ட பெட்டி ஒன்று வந்து இறங்குகிறது. உபயகாரர் பெயர் அதன் முகப்பில் பளிச்சென எழுதப்படுகிறது. ஆயிரம் வாட் பெட்டியை உபயமாகத் தருவோர் உண்டு. நல்ல மைக் ஒன்றை உபயமாகத் தருவோர் அரிது. மைக்கில் பெயர் எழுத இடமில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

வாட் என்பது என்ன என்பதை நிர்வாகிகள் அறிந்துகொண்டால் ஆலயப் பணம் பெருமளவு மிச்சமாகும். 100 வாட் பெட்டிக்குப் பதில் 200 வாட் பெட்டி வைத்தால் ஓசை இரு மடங்காகும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அதுவன்று. ஆற்றல் இரு மடங்கானால் ஓசை கூடுவது 3 டெசிபல் மட்டுமே. அவ்வேறுபாட்டைச் செவி சற்றே உணரும், அவ்வளவுதான். ஓசை இரு மடங்கானதாக மனிதச் செவி உணர வேண்டுமானால் ஏறத்தாழ 10 மடங்கு ஆற்றல் வேண்டும். அதாவது 100 வாட்டுக்கு 1000 வாட். மறுபுறம், ஸ்பீக்கருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள தூரம் பாதியானால், ஒரு காசும் செலவின்றித் திறந்தவெளியில் 6 டெசிபல் கிடைத்துவிடுகிறது. நான்கு மடங்கு ஆற்றல் தரும் பலனை, ஸ்பீக்கரை அருகில் கொண்டு வருவதே தந்துவிடுகிறது.

இதிலிருந்தே வழி புலப்படுகிறது. கோபுர வாசலில் இரண்டு பெரிய குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி ஊரையே அதிரச் செய்வதைவிட, மண்டபத் தூண்களில் சிறிய ஸ்பீக்கர்கள் எட்டினைப் பக்தர்களை நோக்கிச் சற்றே கீழ்முகமாகச் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றையும் தாழ்ந்த ஒலியில் பேசவிடுவதே சிறந்தது. இதற்கென்றே 100 வோல்ட் முறை என்ற அமைப்பு நெடுங்காலமாக இருந்து வருகிறது. நீண்ட கம்பியில் பல ஸ்பீக்கர்களை வரிசையாக இணைக்கலாம். ஒவ்வொன்றிலும் உள்ள சிறு மின்மாற்றியில் 5 வாட், 10 வாட் என்று வேண்டிய அளவைத் தேர்ந்துகொள்ளலாம். எட்டு ஸ்பீக்கர்கள், தலைக்கு 10 வாட் என்றால் மொத்தம் 80 வாட். அதற்கு 120 வாட் பெட்டி தாராளம். கூட்டிப் பார்க்கத் தெரிந்தால் போதும். பொறியியல் பட்டம் தேவையில்லை.

வீட்டு ஸ்பீக்கர்களை ஆலயப் பெட்டியோடு இணைக்கும்போது கணக்கு வேறாகிறது. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டினைப் பக்கவாட்டில் இணைத்தால் பெட்டி காண்பது 4 ஓம். நான்கினை இணைத்தால் 2 ஓம். பெரும்பாலான பெட்டிகள் 4 ஓமுக்குக் கீழ் தாங்குவதில்லை. திருவிழாவின் உச்ச நேரத்தில் பெட்டி சூடேறி நின்றுவிடுவதற்கும், பழி கடைக்காரர் மீது விழுவதற்கும் இதுவே பல இடங்களில் காரணம். போதாக்குறைக்கு அப்பெட்டியைக் காற்றுப் புகாத அலமாரியில், பட்டுத் துணிகளுக்கும் எண்ணெய் டின்களுக்கும் நடுவே அடைத்து வைக்கிறார்கள். கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதன் காற்றுத் துளைகளில் படிந்து கிடக்கின்றன.

இனி, சொல் ஏன் காதில் விழுவதில்லை என்பதற்கு வருவோம். தமிழ்ச் சொல்லுக்கு உடல் உயிரெழுத்து என்றால், அதன் முகம் மெய்யெழுத்தாகும். உயிரெழுத்துகளின் ஓசையாற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் தங்குகிறது. மெய்யெழுத்துகளை இனம் பிரித்துக் காட்டும் நுட்பமான ஓசைகளோ உயர்ந்த அதிர்வுகளில், குறிப்பாக 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், மெலிதாக ஒலிக்கின்றன. நம்மவர்களோ ‘பேஸ்’ குமிழியை முழுவதும் திருப்பிவிட்டு, குரல் கம்பீரமாக இருப்பதாக மகிழ்கிறார்கள். கருங்கல்லும் பளிங்குத் தரையும் ஓடு பதித்த சுவரும் கொண்ட மண்டபத்தில் அந்தத் தாழ்ந்த ஓசை சுற்றிச் சுற்றி வந்து, அடுத்த சொல்லின் மெய்யெழுத்தை விழுங்கிவிடுகிறது. ஓதுவார் மைக்குக்கு பேஸைக் குறைத்து, மொத்த ஒலியையும் ஒரு படி தணித்துவிட்டால், பதிகம் பின்வரிசை வரைக்கும் சொல் சொல்லாகச் சென்று சேரும். செலவில்லாத இந்தச் சீர்திருத்தத்தைச் செய்து பார்க்காத ஆலயங்களே அதிகம்.

தூரத்து ஸ்பீக்கர்களால் வரும் தொல்லை இன்னொன்று. ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்கிறது. மண்டபத்திலிருந்து 34 மீட்டர் அப்பால் வாசலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் ஓசை, விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி மண்டபத்துக்குத் திரும்புகிறது. ஒரே வரியை இரண்டு ஓதுவார்கள் முன்னும் பின்னுமாகப் பாடுவது போன்ற மயக்கம் அதனால்தான். தேவாரம் பாடும் வேளையில் வாசல் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டால் மயக்கம் தீர்ந்தது. அண்டை வீட்டாரின் மனக்குறையும் பாதி தீரும். தாமான்களில் நம் ஆலயத்தைச் சூழ்ந்து வாழ்வோர் பல இனத்தவர், பல சமயத்தவர். அவர்களுள் மறுநாள் காலை வேலைக்குச் செல்வோரும் உண்டு, பச்சிளங் குழந்தையைத் தூங்க வைப்போரும் உண்டு. நகராண்மைக் கழகத்திலிருந்து புகார்க் கடிதம் வந்த பிறகு ‘நம் சமயத்திற்கு இடையூறு’ என்று கொதிப்பதைவிட, ஸ்பீக்கரின் முகத்தை உட்புறம் திருப்பி வைப்பது எளிது. வழிபட வந்தவர் உள்ளேதானே இருக்கிறார்?

எந்த வாத்தியத்திற்கு மைக் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதிலும் நமக்குத் தெளிவு இல்லை. நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்கென்றே பிறந்தவை. நான்கு வீதியிலும் சாமி புறப்பாட்டின்போது முழங்கியவை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் நீளம் கூடிய பாரி நாயனம் செல்வாக்குப் பெற்று, நாதஸ்வரத்தின் சுருதி தாழ்ந்து இனிமை கூடியது உண்மை. அப்படியும் அது சிறு மண்டபத்துக்குள் மைக் கேட்கும் வாத்தியமன்று. அவ்வாறிருக்க, நாயனத்தின் அணசு வாயிலேயே மைக்கைச் செருகி, தவிலுக்கு இருபுறமும் இரண்டு மைக் வைப்பது கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட வித்துவான் எவ்வளவு நுணுக்கமாகக் கமகம் பிடித்தாலும், கேட்பவருக்குக் கிட்டுவது பிளிறல் மட்டுமே.

வீணையோ நேர்மாறானது. சரஸ்வதி தேவியின் கையில் இருக்கும் அந்த வாத்தியத்தின் நாதம் இயல்பிலேயே மெல்லியது. பத்து வரிசை தாண்டினால் அதன் இழைவு கரைந்துவிடும். ஒலிபெருக்கி இவ்வுலகில் யாருக்கேனும் வரமாக வந்தது என்றால் அது வீணைக்குத்தான். சிறு பிள்ளைகளின் குரலுக்கும் அப்படியே. மைக் வழக்கத்திற்கு வராத நாளில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் கொட்டகை முழுவதும் கேட்கப் பாடினார்கள். எல்லோருக்கும் அந்தத் தொண்டை வாய்ப்பதில்லை. ஆகவே ஒலிபெருக்கியே வேண்டாம் என்பதன்று வாதம். ஆனால் நடைமுறையில் நாதஸ்வரத்துக்கு மூன்று மைக் வைத்துவிட்டு, வீணை வாசிக்கும் மாணவிக்கு மிஞ்சிய பழைய மைக்கை ஓரடிக்கு அப்பால் நிறுத்துகிறார்கள். அது கேட்கவில்லை என்று குமிழியைத் திருப்ப, மைக் ஊளையிடுகிறது. மைக்கை ஒரு சாண் அருகில் கொண்டு வந்து, ஸ்பீக்கருக்குப் பின்புறமாக அமையுமாறு வைத்தால் ஊளை அடங்கும்.

உயிரோடு விளையாடலாகாது

மற்றதெல்லாம் ரசனை, இது உயிர். ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால், பெட்டியின் மூன்று முனைச் செருகியில் உள்ள நிலத்தொடர்புக் கம்பியை, அதாவது எர்த் கம்பியை, வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இரைச்சல் நின்றுவிடும், கைராசிக்காரர் என்று பெயரும் கிடைக்கும். அன்று முதல் அப்பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால், அது செல்வதற்கு வழி மைக்கைப் பிடித்தவரின் உடல்தான். அபிஷேக நீரில் நனைந்த வேட்டியோடு, ஈரக் கருங்கல்லில் வெறுங்காலுடன் நின்று, உலோக மைக்கைக் கையில் ஏந்தும் குருக்களை எண்ணிப் பார்க்கவேண்டும். இரைச்சலுக்கு முறையான மருந்து உண்டு: பெட்டி, மிக்சர், பாட்டு ஒலிக்கும் கருவி அனைத்தையும் ஒரே மின் இணைப்பிலிருந்து எடுப்பது; அதிலும் அடங்காவிட்டால் ஒலிக் கம்பியின் நடுவே தனிப்பிரிப்பு மின்மாற்றி ஒன்றைச் சேர்ப்பது. மின்கசிவைக் கண்டு உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேலை செய்கிறதா என்று திருவிழாவுக்கு முன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. ஈரமான இடத்தில் கம்பியில்லா மைக் பாதுகாப்பானது.

செவியும் உறுப்புதான். 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பதும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும் என்பதும் தொழிற்பாதுகாப்புத் துறையில் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்காகும். அதன்படி 100 டெசிபலில் தாங்கும் நேரம் 15 நிமிடமே. 2022ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும், கேளிக்கை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று வரையறுத்தது. கேளிக்கை அரங்குக்கே அந்த எல்லை என்றால், ஆலயத்துக்கு எவ்வளவு என்பதை நிர்வாகங்கள் தாமே முடிவு செய்துகொள்ளட்டும். கைபேசியில் ஒலி அளக்கும் செயலி இன்று இலவசமாகவே கிடைக்கிறது. துல்லியம் குறைந்தாலும், ஸ்பீக்கருக்கு நேர் கீழே பிள்ளைகளை உட்கார வைக்கலாமா என்பதைத் தெரிவிக்க அது போதும்.

இல்லத்திலும் இதே கதை

கொலு வைத்த வீட்டில் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று புதிய கருவி வாங்கச் செல்வோர் கடையில் காண்பது, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஆயிரக்கணக்கான வாட். ‘பி.எம்.பி.ஓ.’ என்ற அடைமொழியுடன் வரும் அந்த எண்ணுக்குப் பொருள் ஏதுமில்லை. பெட்டியின் பின்புறத் தகட்டில், அது மின்சாரத்திலிருந்து எடுக்கும் வாட் எவ்வளவு என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அங்கே 40 வாட் என்றிருந்தால், முன்புறம் 3000 வாட் தொடர்ந்து எப்படி வரும்? ‘ஆர்.எம்.எஸ்.’ அளவைக் கேட்டு வாங்குவதே முறை.

வீட்டிற்கு எவ்வளவு வேண்டும்? சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட் ஆற்றலில் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் அளவு ஒலி தரும். அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் பாட்டுக் கேட்பதற்குச் சராசரியாக அந்த 1 வாட்டே மிகுதி. மிருதங்கத்தின் திடீர் வீச்சுக்கு இடம் வேண்டுமென்பதால் 20 முதல் 50 வாட் வரை இருந்தால் நல்லது. பணத்தைப் பெட்டியைவிட ஸ்பீக்கரில் செலவிடுவதே விவேகம். பாட்டின் குணம் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது. சிறிய பெட்டியை அதன் எல்லைக்கு மேல் முறுக்கினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, கரகரப்பு மிகுந்து, உயர் ஒலி தரும் டுவீட்டர் எரிந்து போவதும் உண்டு. ஆகவே கரகரப்புக் கேட்டவுடன் குறைத்துவிட வேண்டும்.

1963ஆம் ஆண்டில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடிப் பதிவான சுப்ரபாதத்தை இன்றும் விடியலில் கேட்கும் இல்லங்கள் ஏராளம். அது அதிர வேண்டிய ஒலிப்பதிவு அன்று. சமையலறையில் பால் பொங்கும் ஓசைக்கு மேல் ஒரு படி கேட்டால் போதும்.

மீண்டும் ஆலயத்திற்கு வந்தால், எஞ்சியிருப்பது குமிழியை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி. பெட்டி அலுவலகத்தில் இருக்கும். அதைத் திருப்புகிறவரும் அங்கேயே இருப்பார். மண்டபத்தில் என்ன கேட்கிறது என்று அவருக்குத் தெரியாது. காது கூர்மையுள்ள இளைஞர் ஒருவரைப் பொறுப்பாக்கி, மண்டபத்தின் பாதித் தூரத்தில் உட்கார வைத்து, கூட்டம் நிறைந்த ஓர் இரவில் அளவைச் சரிபார்த்துக்கொள்ளலாம். வெறும் மண்டபத்தில் பார்த்த அளவு உதவாது. மக்கள் நிறைந்தால் எதிரொலி குறைந்து ஒலியே மாறிவிடும். சரஸ்வதி பூசையன்று பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடும்போது, அந்த அளவுக்கு நேராகக் குமிழியருகே ஒரு சிவப்புக் கோடும் இட்டுவிடலாம். கோட்டைத் தாண்டித் திருப்ப விரும்புகிறவர் செயலாளரைக் கேட்டுவிட்டுத் திருப்பட்டும்.