முதலில் பேப்பர் தட்டு, அப்புறம் மான்!

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் மான் வேட்டை சீசன். கடைகளில் கூட்டம் அள்ளும். இலை, தழை டிசைனில் சட்டை, மானின் மோப்பத்தை ஏமாற்ற ஸ்பிரே, விலை உயர்ந்த துப்பாக்கி, அதன் தலையில் ஒரு தொலைநோக்கி... எல்லாம் வாங்குவார்கள். ஒரே ஒரு பெட்டி தோட்டாவைச் செலவழித்துக் குறி பழகச் சொன்னால் மட்டும் நேரமில்லை!

வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு பேப்பர் தட்டு அளவுதான். சுமார் 8 அங்குலம். அங்கே பட்டால் சீக்கிரமே கதை முடிந்துவிடும். வயிற்றில் பட்டால்? மணிக்கணக்கில் துடித்து, எங்கோ ஒரு புதரில் கிடந்து சாகும். சுட்டவருக்கு அது வெறும் 'மிஸ் ஆயிடுச்சு'.

மேஜையில் மணல் மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூன்று குண்டு சுட்டுவிட்டு 'நான் ரெடி' என்பவர்கள் உண்டு. காட்டில் மேஜை ஏது சார்? உட்கார்ந்தும் முழங்காலிட்டும் சுட்டுப் பழக வேண்டாமா? வழியெல்லாம் வண்டியில் குலுங்கிய தொலைநோக்கி துளி விலகினாலும் குறி பிசகும். போய் இறங்கியதும் மறுபடி சோதிக்க வேண்டாமா?

நார்வேயில் பெரிய விலங்குகளை வேட்டையாட வருடா வருடம் பரீட்சை. 100 மீட்டர், ஐந்து குண்டு, ஐந்தும் குறிக்குள் விழ வேண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஆயுளுக்கு ஒருமுறை பாதுகாப்பு வகுப்பு. அதோடு சரி.

'வேட்டை எங்கள் உரிமை' என்கிறார்கள். இருக்கட்டும். பேப்பர் தட்டில் ஐந்துக்கு ஐந்து போட்டுக் காட்டிவிட்டு அந்த உரிமையைக் கேட்கட்டும்!