பெட்டிக்குள் எழுதப்படும் ஆங்கிலம்

ஐம்பது சொற்களில் ஓர் அறிவிப்பு. மேலே பள்ளியின் பெயர், அதன்கீழ் ‘நோட்டீஸ்’ என்ற சொல், தேதி, தலைப்பு, இரண்டு மூன்று வாக்கியங்கள், இறுதியில் பெயரும் பொறுப்பும். அனைத்தையும் சுற்றி ஒரு பெட்டி. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் பயின்று முடிக்கும் மாணவரிடம் சிபிஎஸ்இ வாரியம் கேட்கும் எழுத்துப் பணிகளுள் இது ஒன்று. நான்கு மதிப்பெண், அவற்றில் ஒன்று வடிவத்துக்கே உரியது. அடுத்த நான்கு, அழைப்பிதழ் எழுதுவதற்கு அல்லது வந்த அழைப்பிதழுக்கு மறுமொழி எழுதுவதற்கு. திருமண அழைப்புக்குப் படர்க்கையில் வருத்தம் தெரிவித்து ஆங்கிலத்தில் மடல் விடுக்கும் வழக்கம் எந்த இந்தியக் குடும்பத்தில் மிஞ்சியிருக்கிறது என்பதை வினாத்தாள் அமைப்போர்தாம் விளக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பின் ‘இங்கிலிஷ் கோர்’ தாளில் வாசிப்புக்கு 22, ‘படைப்பெழுத்து’ என்று பெருமையாகப் பெயரிடப்பட்ட பகுதிக்கு 18, இலக்கியத்துக்கு 40 மதிப்பெண். மீதமுள்ள 20 அகமதிப்பீடு. கேட்டலும் பேசுதலும் சேர்ந்து அதில் பாதி. கடிதமாயினும் கட்டுரையாயினும் இலக்கியத்தின் நெடுவினாவாயினும் எல்லை 120 முதல் 150 சொற்கள். ஒரு கருத்தை முன்வைத்து, அதற்கு எதிர்க்கருத்தைக் கண்டு, அதற்கும் விடையிறுத்து நகரும் ஓர் உரைநடையை 150 சொற்களுக்குள் எழுத முடியாது. அதாவது, கல்லூரியில் காலெடுத்து வைத்த முதல் மாதத்திலேயே தேவைப்படும் அந்த ஒரு திறன் இந்தத் தாளில் எங்கும் சோதிக்கப்படுவதில்லை. ஒரு பத்தியைப் படித்துக் குறிப்பெடுத்துச் சுருக்கி எழுதும் வினா சில ஆண்டுகளுக்கு முன்வரை இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் அது இன்றும் உண்டு, பன்னிரண்டில் நீக்கப்பட்டது. அழைப்பிதழ் தப்பிப் பிழைத்தது.

பாடநூல்களைக் குறைசொல்ல அதிகமில்லை என்பதுதான் இதில் வேதனையானது. என்சிஇஆர்டியின் ‘ஃபிளமிங்கோ’, ‘விஸ்டாஸ்’ ஆகிய இரு நூல்களும் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தின் வழிவந்தவை. கமலா தாஸும் நெரூதாவும் ஏட்ரியன் ரிச்சும் அங்கே உள்ளனர். தமிழிலிருந்து கல்கியும் பாமாவும் மொழிபெயர்ப்பில் இடம்பெற, அசோகமித்திரன் தம் ஜெமினி ஸ்டுடியோ நாட்களை ஆங்கிலத்திலேயே சொல்கிறார். இவ்வளவு நல்ல தொகுப்பை வைத்துக்கொண்டு தேர்வு என்ன செய்கிறது என்பதே கேள்வி.

‘ஃபிளமிங்கோ’வின் முதற்பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். அல்போன்ஸ் தோதே எழுதிய ‘தி லாஸ்ட் லெசன்’: 1870-71 போருக்குப் பின் அல்சாஸ் பகுதி ஜெர்மனியின் வசமாகிறது; பள்ளிகளில் இனி ஜெர்மன் மட்டுமே என்று ஆணை வருகிறது; ஆசிரியர் அமெல் தம் இறுதிப் பிரெஞ்சு வகுப்பை நடத்துகிறார். தேர்வுக்கு வேண்டிய விடை யாவரும் அறிந்தது: தாய்மொழிப் பற்று, இழந்தபின் உணரப்படும் அருமை, ஆக்கிரமிப்பாளரின் மொழித்திணிப்பு. மூன்று குறிப்புகள், ஐந்து மதிப்பெண்.

ஆனால் அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் அன்று வீட்டில் பேசியது பிரெஞ்சு அன்று. ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்த அல்சாசிய மொழி. கதைக்குள்ளேயே அமெல், தம் மாணவர்களுக்குப் பிரெஞ்சைப் பேசவும் எழுதவும் தெரியவில்லை என்று வருந்துகிறார். தாய்மொழியைப் பேசத் தெரியாத ஒரு முழு ஊர் என்றால், அது எப்படிப்பட்ட தாய்மொழி? பள்ளி மொழியைத் தாய்மொழி என்று அழைப்பவர் யார், எந்த அதிகாரத்தில்? கதையில் ஒரு சொல்லும் பெறாத அந்த மூன்றாவது மொழி எங்கே போயிற்று? போஜ்புரியோ துளுவோ சந்தாலியோ பேசும் வீட்டிலிருந்து வந்து, பள்ளியில் வேறொரு மொழியைத் ‘தாய்மொழி’ என்று படிவத்தில் நிரப்பும் இந்திய மாணவருக்கு இதைவிட நெருக்கமான கேள்வி இருக்க முடியாது. பாடநூலின் பயிற்சிப் பகுதியே மொழிச் சிறுபான்மையினரைப் பற்றியும் மொழிவெறியைப் பற்றியும் விவாதிக்கச் சொல்கிறது. வகுப்பில் அந்தப் பக்கம் புரட்டப்படுகிறது. தேர்வில் வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பாமாவுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோது அதிர்ச்சி தந்தது அது சொன்ன செய்தி மட்டுமன்று, சொன்ன மொழியும்தான். எழுத்துத் தமிழின் இலக்கணத்தை மதியாமல் தலித் மக்களின் பேச்சுமொழியில் நூல் முழுவதையும் எழுதியது ஓர் அரசியல் செயல். ‘விஸ்டாஸ்’ நூலில் அதன் சிறு பகுதி சீரான ஆங்கிலத்தில், அமெரிக்கப் பழங்குடி எழுத்தாளர் சிட்கலா ஷாவின் நினைவுக் குறிப்புடன் இணைத்து வைக்கப்பட்டுள்ளது. ‘இருவரின் அனுபவங்களையும் ஒப்பிடுக’ என்பதே வினாவின் வழக்கமான வடிவம். விடைத்திட்டத்தில் அதற்குரிய ‘வேல்யூ பாயின்ட்’கள் அச்சிடப்பட்டிருக்கும். வழிகாட்டி நூல்கள் அவற்றை வரிசையாகத் தரும். சாதி இழிவை ஒரு சிறுமி எதிர்கொண்ட கணம், நான்கு குறிப்புகளாக மனப்பாடம் செய்யப்படுகிறது. இதற்கு இலக்கியக் கல்வி என்று பெயர்.

இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் வேறு என்னதான் செய்ய முடியும் என்பது வாரியத்தின் தரப்பில் சொல்லப்படும் முதல் சமாதானம். இரண்டு திருத்துநர்கள் ஒரே விடைக்கு ஒரே மதிப்பெண் தர வேண்டுமானால் வடிவமும் குறிப்புகளும் தேவை என்பது உண்மையே. தேர்வியலில் இதற்கு நம்பகத்தன்மை என்று பெயர். ஆனால் அளக்க வேண்டியதை அளக்கிறதா என்பது வேறு கேள்வி. அதன் பெயர் ஏற்புடைமை. பெட்டியைத் துல்லியமாக அளந்துவிட்டு மொழியை அளந்ததாகச் சொல்வது நம்பகமான பிழை. அண்மை ஆண்டுகளில் ‘திறன்சார் வினாக்கள்’ பாதியளவுக்கு உயர்த்தப்பட்டதும் இதை மாற்றவில்லை. அந்த வினாக்களில் பெரும்பகுதி படித்த பாடத்திலிருந்தே எடுத்த பத்திக்குக் கீழே வருகிறது. பாடம் தெரிந்தவருக்குப் பத்தியை வாசிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

இரண்டாவது சமாதானம் கனமானது. வீட்டில் ஆங்கிலம் இல்லாத மாணவருக்கு வடிவ மதிப்பெண்ணும் மனப்பாட விடையும்தான் பாதுகாப்பு. அவற்றைப் பறித்தால் அடிபடுவது ஏழைதான் என்பர். நீண்ட காலம் இதில் நியாயம் இருந்தது. மதிப்பெண் அன்று ஏதோ ஒன்றை வாங்கித் தந்தது. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சிலவற்றில் சில படிப்புகளுக்கு வெட்டு மதிப்பெண் 100 விழுக்காடாக இருந்தது. ஆங்கிலத் தாளில் பெறும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் அந்தக் கணக்கில் எடையிட்டது. 2022இல் கியூட் நுழைவுத்தேர்வு வந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கையில் வாரிய மதிப்பெண் ஏறக்குறையத் தகுதி வரம்பாகச் சுருங்கியது. கியூட்டின் மொழித்தாளோ கொள்குறி வினாக்களால் மட்டுமே ஆனது. ஒரு வாக்கியமும் எழுத வேண்டியதில்லை.

ஆக, பழைய பேரம் முறிந்துவிட்டது. மொழியைக் கற்காமல் மதிப்பெண்ணைப் பெற்றுக்கொள் என்றது தேர்வு. இப்போது அந்த மதிப்பெண்ணுக்கும் விலை போயிற்று. எஞ்சியது கல்லாமை மட்டுமே. ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதனால் இழப்பில்லை. அவர் கற்றது பள்ளியில் அன்று. பள்ளியை மட்டுமே நம்பிய மாணவர் 95 மதிப்பெண்ணுடன் கல்லூரிக் கருத்தரங்க அறைக்குள் வந்து, ஐந்து பக்கக் கட்டுரைக்கு முன்னால் திகைத்து உட்கார்ந்திருக்கிறார். ‘ஆங்கிலம் போதாது’ என்ற தீர்ப்பு அவர்மீது எழுதப்படுகிறது. பிறகு அவரைச் சீர்செய்ய ஒரு தகவல்தொடர்புத் தாள் வைக்கப்படுகிறது. அதில் மறுபடியும் கடிதம், மறுபடியும் அறிக்கை!

பள்ளிக் கல்விக்கான 2023ஆம் ஆண்டுக் கலைத்திட்டச் சட்டகம், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் இரு மொழிகள் கற்கப்பட வேண்டும், அவற்றுள் ஒன்றேனும் இந்திய மொழியாதல் வேண்டும் என்கிறது. பாடத்திட்டம் அதற்கேற்ப மாற்றி எழுதப்படும் வேளையில் அழைப்பிதழின் நான்கையும் அறிவிப்பின் நான்கையும் குறிப்பெடுத்தலுக்கும் சுருக்கத்துக்கும் திருப்பித் தரலாம். முன்பின் படித்திராத ஒரு கவிதையை, ஒரு கதைப் பகுதியைத் தந்து எழுதச் சொல்லலாம். கடிதம், கட்டுரை இரண்டையும் நீக்கி, ஒரே பொருளில் நானூறு சொற்கள் வாதிட்டு எழுதும் ஒரு வினாவை அங்கே வைக்கலாம். மாணவர் கற்கும் இந்திய மொழியில் ஒரு பத்தியைத் தந்து, அதன் வாதத்தை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கச் சொல்லலாம். இந்த கடைசி வினாவில் மட்டும், இரண்டு மொழிகளுக்கிடையே தினமும் நடந்து பழகிய மாணவர் ஆங்கில வீட்டுப் பிள்ளைக்கு ஓர் அடி முன்னால் நிற்பார்.