ஆட்டிசப் பிள்ளைக்குப் புற்றுநோய் வந்தே தீருமா?

"ஆட்டிசத்துக்கும் புற்றுநோய்க்கும் ஒரே மரபணுவாம். ஆட்டிசப் பிள்ளைக்குப் பின்னாளில் புற்றுநோய் வந்தே தீருமாம்." கைப்பேசிக் காணொளிகள் பரப்பும் பேச்சு இது. மரக்காணத்தில் வெயில் ஏறுமுன் உப்பளத்தில் இறங்கி உப்பு வாரும் ஒரு தாய் இதைக் கேட்டால், சரிபார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, விளக்கிச் சொல்ல ஆளும் இல்லை. அவளுக்காகவே இதை ஒவ்வொன்றாக மறுக்க வேண்டியிருக்கிறது.

ஒரே மரபணு என்பதில் ஓரளவு உண்மை உண்டு. பி-டென் என்ற மரபணு 1997-ல் புற்றுநோய் ஆய்வில் அடையாளம் காணப்பட்டது. செல்கள் கட்டுமீறி வளராமல் தடுப்பது அதன் வேலை. 2005-ல், தலை அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்த 18 ஆட்டிசக்காரர்களைச் சோதித்தபோது 3 பேரிடம் அதே மரபணுவில் பிழை தெரிந்தது. டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2, என்.எஃப்.1 ஆகியவையும் கட்டிகளோடும் ஆட்டிசத்தோடும் தொடர்புடையவை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களில் இந்தப் பிழைகள் இருப்பது மிகச் சிலரிடம்தான். பெரும்பாலானவர்களிடம் இதுதான் காரணம் என்று ஒற்றை மரபணுவைக் காட்ட முடிவதில்லை.

ஒரே மரபணு என்றால் ஒரே விளைவு என்பதும் தவறு. கடல்நீரைத் தடுக்கும் மடை ஒன்றே ஆனாலும், அது உடைந்தால் வெறும் பாத்திக்கு நேரும் சேதம் வேறு, உப்பு விளைந்து நிற்கும் பாத்திக்கு நேரும் சேதம் வேறு. கருவிலேயே இருக்கும் மரபணுப் பிழை மூளை வளரும் காலத்தில் நரம்பிணைப்புகளை மாற்றுகிறது. புற்றுநோய்க்கு அந்த ஒரு பிழை போதாது. மார்பிலோ தைராய்டிலோ ஏதோ ஒரு செல்லில் மேலும் பிழைகள் சேர வேண்டும். புற்றுநோய்களில் பெரும்பங்கு பெற்றோரிடமிருந்து வருவதே இல்லை, வாழ்நாளில் உடலுக்குள் சேரும் பிழைகளால் வருகிறது.

அடுத்தது, "வந்தே தீரும்" என்பது. 1987 முதல் 2013 வரை சுவீடனில் பிறந்த சுமார் 23 லட்சம் பேரை ஆராய்ந்து 2022-ல் வெளியான முடிவு, ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 1.3 மடங்கு என்றது. இளவயதில் மிக அரிதான நோய், 1.3 மடங்கானாலும் அரிதுதான். அந்தச் சிறு கூடுதலும் பெரும்பாலும் பிறவிக் குறைபாடோ அறிவுத்திறன் குறைபாடோ சேர்ந்திருந்தவர்களிடமே காணப்பட்டது. இதற்கு நேர் எதிராக, ஆட்டிசம் புற்றுநோயைத் தடுக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 3.9 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் பதிவாகியிருந்தது. ஒரு மருத்துவமனைப் பதிவேட்டை வைத்துப் பிள்ளைக்குக் கவசம் இருப்பதாக நம்புவதும் ஆபத்தே. வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையின் கட்டியை நாம்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்து, ஆட்டிசம் "சொந்தத்தில் கட்டியதால் வந்தது" என்ற பழி தாயின் தலையில்தான் விழுகிறது. தமிழ்நாட்டில் உறவுக்குள் திருமணம் சுமார் 28 சதவீதம் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதனால் வேறு சில பரம்பரை நோய்கள் கூடுவது உண்மை. மேலே சொன்ன மரபணுக்கள் அந்த வகையல்ல. இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே இந்த நோய்நிலைகள் வரும். டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 பழுதால் வரும் டி.எஸ்.சி. நோயில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பிழை புதிதாகத் தோன்றியது, பெற்றோர் யாரிடமும் இல்லாதது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் மட்டுமே ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆக, ஆட்டிசத் தம்பி இருக்கிறான் என்பதற்காக அக்காவின் சம்பந்தத்தைத் தட்டிக் கழிப்பது அநியாயம்.

புற்றுநோய் மருந்து ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்பதும் நிற்கவில்லை. டி.எஸ்.சி. உள்ளவர்களின் மூளைக் கட்டியை எவரோலிமஸ் என்ற புற்றுநோய் மருந்து சுருக்குகிறது. அதே நோயுள்ள பிள்ளைகளிடம் அது ஆட்டிசக் கூறுகளை மாற்றுமா என்று பார்த்த 2017, 2019 ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

மரபணுப் பிழை உள்ள அந்தச் சிலரை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விதான் எனக்கு முக்கியம். முதல் படிக்கு விலையுயர்ந்த சோதனை வேண்டாம், அளவு நாடாவும் கூர்ந்த கண்ணும் போதும். வயதுக்கு மீறிப் பெரிய தலை பி-டென்னைச் சுட்டலாம். சிறு வயதிலிருந்தே இருக்கும் இலை வடிவ வெளிறிய திட்டுகள், அதோடு வலிப்பு என்றால் டி.எஸ்.சி.யாக இருக்கலாம், அதைத் தேமல் என்று களிம்பு தடவி விட்டுவிடக் கூடாது. காப்பி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் என்.எஃப்.1 சந்தேகம். அங்கன்வாடிக்கு வரும் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழு ஒவ்வொரு ஆட்டிசக் குழந்தையிடமும் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. பிள்ளையின் பயிற்சிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பி-டென் பிழை உறுதியானால் 7 வயதிலிருந்து ஆண்டுதோறும் தைராய்டு ஸ்கேன், பெண்ணாக இருந்தால் வளர்ந்தபின் மார்பகப் பரிசோதனை. இந்த மரபணுப் பிழைகள் இல்லாத மற்றப் பிள்ளைகளுக்கு ஆட்டிசத்துக்காக எந்தப் புற்றுநோய்ச் சோதனையும் தேவையில்லை.